பதினோரு விநாடி

எங்கள் வீட்டில் நான்தான் பதினோரு விநாடிக்காரி. என் கணவர் கெங் பாவ்லின் எவ்வளவு முயன்றும் பதினைந்துக்குக் கீழே வந்ததில்லை. இருபது வருஷம் லாரி ஓட்டிய விரல்கள் அவருக்கு. செல்போன் திரையில் ஒன்றைத் தொட்டால் இரண்டு திறந்துகொள்ளும்.

சாப்பாட்டு மேசையில்தான் ஒத்திகை நடக்கும். அவர் எதிரே உட்கார்ந்து, "யூனிஃபார்ம் வருது!" என்பார். உடனே விரல் நகத்தால் மேசையைத் தட்ட ஆரம்பித்துவிடுவார், விநாடிக்கு ஒரு தட்டு. அதற்குள் நான் போனில் இருக்கும் படத்தைத் தேடி எடுத்து, அழித்து, அழித்தவை போய் விழும் குப்பைக்கூடையையும் திறந்து காலிசெய்து, போனை மாவுச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பழகுவதற்கு ஒரு முட்டைக்கோஸ் படம் வைத்திருந்தோம். அந்த முட்டைக்கோஸை நூறு தடவையாவது கொன்றிருப்பேன்.

"பதினொண்ணு! கெட்டிக்காரிடி நீ, சுய்லான்."

"உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு இதாவது கத்துக்கிட்டேனே" என்பேன் நான்.

முட்டைக்கோஸுக்காக யாரும் ஒத்திகை பார்க்க மாட்டார்கள் அல்லவா. என் போனில் நாற்பத்து மூன்று விநாடி ஓடும் ஒரு வீடியோ இருந்தது. பாவ்லினின் அண்ணன் தாஷான் தன் வீட்டு மாடி ஜன்னலில் நின்று, "ஆள் இருக்கேன்யா! உள்ளே ஆள் இருக்கேன்!" என்று கத்துவது அதில் கேட்கும். கீழே வீட்டை இடிக்க வந்த மண்வாரி இயந்திரம். அதன் பக்கத்தில் கைகட்டி நிற்கும் பதினான்கு பேர், நான்கு பேரின் முகம் தெளிவாகத் தெரியும். முப்பத்தோராவது விநாடியில் இயந்திரத்தின் கை சுவரைத் தொடும். அதற்குப் பிறகு தூசிதான், தூசிக்குள் என் கணவரின் மூச்சுச் சத்தம்தான். சீமைப்பனிச்சை மரத்துக்குப் பின்னால் நின்று அவர் எடுத்தது அது.

சுவர் தானாக விழுந்து தாஷான் செத்தார் என்று போலீஸ்காரர்கள் எழுதி முடித்தார்கள். இல்லை என்று சொன்ன பாவ்லினை ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். ஒன்பது நாளும் காலையில் ஒரு கேமரா முன்னால் நிறுத்தி ஒரே பாடத்தைச் சொல்ல வைத்தார்கள்: எனக்கு எந்தப் பயமும் இல்லை. நம் நாடு நல்ல நாடு. யார் மேலும் எனக்குக் குறை இல்லை. குரல் நடுங்கினால் மறுபடியும் முதலிலிருந்து.

திரும்பி வந்த மனிதருக்கு அந்தப் பாடம் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மின்சார மீட்டர் பார்க்க வந்தவன் தொப்பியும் நீலச் சட்டையுமாக வாசலில் நின்றதற்கு, எங்கள் வீட்டு ஆள் கையைத் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு, "எனக்கு எந்தப் பயமும் இல்லை" என்றாரே பார்க்கலாம். மீட்டர்காரன் பயந்துபோய்விட்டான். நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததற்கு இன்றைக்கும் என் வாயில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவர்கள் பாவ்லினின் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். வீடியோ அதற்கு முன்பே என் போனுக்கு வந்துவிட்டது, அவர்களுக்குத் தெரியாது. நான் அதை எங்கள் ஊர்ச் சதுக்கத்தில் பெண்கள் கூடி ஆடும் நடன வீடியோக்களுக்கு நடுவே செருகி வைத்தேன். முந்நூற்றுச் சொச்சம் வீடியோ, எல்லாவற்றிலும் விசிறியை ஆட்டும் ஐம்பது வயதுப் பெண்கள். விமான நிலையத்தில் என் போனைப் பார்த்த இளைஞன் நான்காவது நடனத்திலேயே கொட்டாவி விட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பாங்காக், இஸ்தான்புல், அங்கிருந்து ஈக்வடோர். அதற்குப் பிறகு பஸ், படகு, கால்.

வெளியே வந்ததும் பாவ்லின் வாங்கிய புதுப் போனிலும் ஒரு பிரதி போட்டோம். வடக்கே நடந்து வரும் வழியில், காட்டுக்குள் ஐந்தாம் நாள் துப்பாக்கியோடு வந்தவர்கள் அந்தப் போனை எடுத்துக்கொண்டார்கள். என் போன் நெகிழிப் பையில் சுற்றி, சோற்று டப்பாவுக்குள் கிடந்ததால் தப்பியது. வேறு யாருக்காவது அனுப்பி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஊரில். எங்களுக்குத் தெரிந்த வழியெல்லாம் ஊர்ப் போலீஸ் காது வைத்த வழி. அனுப்பிய மறுநாள் தாஷானின் மனைவி வாசலில் ஜீப் நிற்கும்.

ஆக, இரண்டு கண்டங்களுக்கு இடையில் அந்த நாற்பத்து மூன்று விநாடி ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. என் சட்டைப்பையில்.

*

அமெரிக்க எல்லைச் சுவர் மலையில் ஏறி, பாறை பெரிதாக வந்த ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. இவ்வளவு பெரிய நாடு, பாறையைக் கண்டதும் சுவரை நிறுத்திவிட்டது. நாங்கள் அந்தப் பாறையைச் சுற்றி, குனிந்து, அமெரிக்காவுக்குள் போனோம். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

அந்தப் பக்கம் முள்செடிகளும் குளிர்காற்றும் கரியும். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எரித்த கரி. எண்பது தொண்ணூறு பேர் இருந்தோம், பாதிக்கு மேல் நம் ஆட்கள். உள்ளூர்ப் பெண்மணி ஒருத்தி தண்ணீரும் ரொட்டியும் கொடுத்துவிட்டு, சைகையால் "உட்காருங்கள், வருவார்கள்" என்றாள். பிடிபடுவதற்காக வரிசையில் காத்திருந்தோம். எல்லைக் காவலர் வண்டி வரும், ஏற்றிக்கொண்டு போவார்கள், அடைக்கலம் கேட்கலாம். அதுதான் வழி என்று எல்லோருக்கும் தெரியும்.

காட்டிலிருந்து எங்களோடு ஒட்டிக்கொண்டு வந்தவர் ஃபான் அண்ணன். நம் நாட்டுச் செங்டு நகரில் நூடுல்ஸ் கடை வைத்து மூடியவர். தெரியாதது எதுவும் இல்லை அவருக்கு, தெரிந்ததில் பாதி தப்பு.

"பாவ்லின் தம்பி, சாட்சி கைவசம் இருக்கு இல்ல? எடுத்து முன்னாடி வை. டான்ஸுக்குள்ள தேடிக்கிட்டு நிக்காத. வெள்ளைக்காரனுக்குப் பொறுமை கிடையாது."

"அதான் சுய்லான், எடுத்து முதல்ல வை" என்றார் இவர். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஒன்பது நாளுக்குப் பிறகு நான் பார்க்காத முகம். "இன்னைக்கு ஒருத்தனாவது அண்ணன் குரலைக் கேக்கப் போறான்."

எடுத்து முதலில் வைத்தேன். போனைத் திறந்தால் தாஷானின் ஜன்னல்தான் தெரியும். பாவ்லின் அதை மூன்று நான்கு பேருக்குக் காட்டினார். ஒரு பெண் அழுதாள். பிறகு பாவ்லின் ஒதுக்குப்புறமாக, பாறைக்குப் பின்னால் போனார். வயிறு சரியில்லை அவருக்கு.

அப்போதுதான் வண்டிகள் வந்தன.

மூன்று வெள்ளை வண்டிகள், பச்சைப் பட்டை போட்டவை. கதவு திறந்து இரண்டு பேர் இறங்கினார்கள். உடுப்பு வேறு, முகம் வேறு. ஆனால் அந்த நடை இருக்கிறதே, பெல்ட்டில் கட்டைவிரலைச் செருகிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து வருகிற நடை, அது உலகம் முழுக்க ஒன்றுதான் போலிருக்கிறது. முன்னால் வந்தவன் கையை நீட்டி, எங்கள் எல்லோரையும் பார்த்து உரக்கச் சொன்னான். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்: "போன்."

என் கை மடியில் இருந்தது. போன் கையில் இருந்தது. எந்த மேசையும் அங்கே இல்லை, ஆனாலும் நகம் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. தொட்டேன், எடுத்தேன், அழித்தேன், கூடைக்குப் போனேன், காலிசெய்தேன், திரையை அணைத்தேன். போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

துடைக்கும்போதுதான் தெரிந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். அந்தக் கதையிலாவது தாழி தானாக உடைந்திருக்கும். நான் தூக்கிப் போட்டு உடைத்தேன். எதற்கு? அவரைக் காப்பாற்றத்தான். இந்த வீடியோவைப் பார்த்தால் பாவ்லினைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று என் விரலுக்குத் தெரிந்திருந்தது. நாடு மாறிவிட்டதென்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

பாவ்லின் கால்சட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார். "வந்துட்டாங்களா? போன் பத்திரமா?"

"பத்திரம்" என்றேன்.

ஆண்களை ஒரு வண்டியிலும் பெண்களை ஒரு வண்டியிலும் ஏற்றினார்கள். எல்லோருடைய போனையும் பெயர் ஒட்டிய பைகளில் போட்டார்கள். அவர்கள் கேட்டது அவ்வளவுக்குத்தான். திறந்துகூடப் பார்க்கவில்லை.

*

என்னை மூன்றாம் நாள் வெளியே விட்டார்கள். எந்த மாதம் எந்த நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். பாவ்லினை வைத்துக்கொண்டார்கள். ஏன் நான் வெளியே, அவர் உள்ளே? யாரிடம் கேட்பது, எந்த மொழியில் கேட்பது.

ஃபான் அண்ணனும் வெளியே வந்திருந்தார். அவர்தான் லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில், நம் ஆட்கள் நிறைந்த ஒரு பேட்டைக்குக் கூட்டிப் போனார். ஒரு வீட்டில் பதினெட்டுக் கட்டில்கள், எனக்கு ஜன்னலோரம் ஒன்று. ஓர் உணவகத்தில் காய் நறுக்கும் வேலையும் கிடைத்தது. முட்டைக்கோஸ். கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, நக்கல் பிடித்தவர் ஒருவர் மேலே இருக்கிறார்.

கிடைத்த முதல் ஓய்வு நாளில் செல்போன் பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். ஃபான் அண்ணனும் வந்தார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன்.

கடைக்காரர் இரண்டு மணிநேரம் கணினியோடு மல்லுக்கட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அக்கா, எல்லாரும் அழிப்பாங்க, கூடையை மறந்துடுவாங்க. அதை வச்சுத்தான் என் பொழப்பு ஓடுது. நீங்க கூடையையும் காலி பண்ணி வச்சிருக்கீங்க. இவ்வளவு சுத்தமா அழிக்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"என் வீட்டுக்காரர்கிட்ட" என்றேன்.

டான்ஸ் மட்டும் முந்நூறும் பத்திரமாக இருந்தன.

வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். ஃபான் அண்ணன் எதுவுமே சொல்லாமல் பக்கத்தில் நின்றார். அந்த மனிதர் வாயை மூடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த வாரம் தடுப்பு முகாமிலிருந்து பாவ்லின் பேசினார். பதினைந்து நிமிடத்தில் தானாகத் துண்டித்துவிடும் தொலைபேசி.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீ?"

"குடுக்கிறாங்க. சுய்லான், ஒண்ணு சொல்லுவேன், திட்டக் கூடாது."

"சொல்லு."

"முதல் நாள் ஒரு அதிகாரி கேள்வி கேட்டான். போன்ல ஒரு பொண்ணு நம்ம பாஷையில மாத்திச் சொல்லுச்சு. பேரு, ஊரு எல்லாம் கேட்டான். அப்புறம், உங்க நாட்டுக்குத் திரும்பிப் போக பயமா இருக்கான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

மறுமுனையில் இருமினார்.

"யோவ், என்ன சொன்னே?"

"யூனிஃபார்ம் போட்டிருந்தான்டி" என்றார் பாவ்லின், குழந்தை மாதிரி. "நேரா என் முகத்தைப் பார்த்தான். மேசையில ஒரு கேமரா வேற. என் கை தானா தொடையில ஒட்டிக்கிச்சு. எனக்கு எந்தப் பயமும் இல்லை, நம்ம நாடு நல்ல நாடு, யார் மேலயும் குறை இல்லைன்னு... முழுசும் சொல்லி முடிச்சப்புறம்தான் என்ன சொன்னேன்னே தெரிஞ்சுது. அதுக்குள்ள எழுதிட்டான். கையெழுத்தும் வாங்கிட்டான்."

அப்படித் திட்டினேன் நான். அறையில் இருந்த பதினேழு பேரும் திரும்பிப் பார்க்கத் திட்டினேன். "மூளையை மலத்தோட சேர்த்து அந்தப் பாறைக்குப் பின்னாடி விட்டுட்டு வந்தியா? காடு மேடெல்லாம் ஏறி வந்தது இதைச் சொல்றதுக்கா? அந்த ஒரு கேள்விக்குத்தானே இவ்வளவு தூரம்! பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை! உங்க அண்ணன் கேட்டா காறித் துப்புவாருய்யா!"

யாரைத் திட்டினேன் என்று எனக்குத் தெரியும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது இரண்டு பேருக்கும்தான். ஆனால் திட்டு வாங்கியது அவர் மட்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சரி, சரி. அதெல்லாம் சரி பண்ணிடலாம்னு இங்க கிடைச்ச வக்கீலம்மா சொல்லுது. முதல்ல ஒண்ணு சொன்னான், இப்ப ஒண்ணு சொல்றான்னு நம்ப மாட்டாங்களாம். ஆனா வீடியோவைக் காட்டினா பேச்சே இல்லையாம். அது உன்கிட்ட பத்திரமா இருக்குன்னு சொல்லியிருக்கேன். நாளைக்கு வக்கீலம்மா உனக்குப் பேசும், அனுப்பிடு."

கட்டிலிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தேன்.

"சுய்லான்?"

கதவைச் சாத்திக்கொண்டேன்.

"என்னடி, லைன்ல இருக்கியா?"

சொன்னேன். பாறை, வண்டி, நடை, போன் என்ற சொல், கூடை, கடைக்காரர், எல்லாம் சொன்னேன். இடையில் ஒரு நிமிடம்தான் மீதி என்று இயந்திரக் குரல் இரண்டு மொழிகளில் சொன்னது. மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. வீடியோவில் தூசிக்குள் கேட்குமே, அதே மூச்சு.

"எத்தனை விநாடி ஆச்சு?" என்று கேட்டார்.

"எண்ணலை."

"பதினொண்ணுக்குள்ள முடிச்சிருப்ப" என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். "நான்தானே சொல்லிக் குடுத்தேன். நீ அழாத."

தொலைபேசி துண்டித்துவிட்டது. திட்டியிருக்கலாம் அவர். நான் திட்டியதில் பாதியாவது திட்டியிருக்கலாம்.

*

வக்கீலம்மா தாய்வானிலிருந்து வந்தவர், நல்ல பெண். வீடியோவில் இருந்ததை விநாடி விநாடியாக எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். எத்தனையாவது விநாடியில் யார் தலையைத் திருப்புகிறான், எவன் சிகரெட்டைக் கீழே போடுகிறான், தாஷான் மூன்றாம் முறை கத்தும்போது குரல் எப்படி உடைகிறது, எதுவும் விடவில்லை. ஆறு பக்கம். கடைசியில் தாளைக் கொடுக்கும்போது அவர் அடிவரியைக் காட்டி, "இது என்னம்மா?" என்றார்.

பார்த்தேன். 'யார் மேலும் எனக்குக் குறை இல்லை' என்று எழுதி, பெருவிரல் ரேகை வைப்பதற்கு ஒரு வட்டமும் போட்டிருந்தேன். ஊரில் போலீஸுக்கு எழுதும் எந்தத் தாளும் அப்படித்தான் முடியும்.

அவர் அந்தத் தாளை மட்டும் மறுபடி எழுத வைத்தார்.

பயன் இல்லை. அழிந்துபோனதாகச் சொல்லப்படும் ஒரு காட்சி, மனைவி எழுதிய சாட்சியம், முதல் நாள் கையெழுத்துப் போட்ட தாள். நீதிபதி எதைப் பார்ப்பார்? கோடை முடிவதற்குள் பாவ்லினை மற்றவர்களோடு ஒரு விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஃபான் அண்ணன் செய்தியைக் கொண்டுவந்தபோது நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை. மீதி முட்டைக்கோஸையும் நறுக்கி முடித்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஒரு தகவலும் இல்லை.

நேற்று மாலை ஐந்து மணிக்கு, உணவகத்தில் கூட்டம் வருவதற்கு முன்னால், ஊரில் எல்லோரும் பேசப் பயன்படுத்தும் செயலியில் அழைப்பு வந்தது. பாவ்லின் பெயர், பாவ்லின் படம். கொல்லைப்பக்கம் எண்ணெய் டின்கள் அடுக்கியிருக்கும் இடத்துக்கு ஓடிப்போய் எடுத்தேன்.

வெள்ளைச் சுவர். முன்னால் ஒரு மேசை. ஒட்ட வெட்டிய முடி, புதிதாக ஒரு நீலச் சட்டை, கழுத்துப் பித்தான்வரை பூட்டி. மனிதர் பாதியாகிவிட்டிருந்தார். கண் என்னைப் பார்க்கவில்லை. போனுக்கு மேலே, கொஞ்சம் இடது பக்கம் பார்த்தது.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"சாப்பிட்டேன். எல்லாரும் நல்லா பாத்துக்கிறாங்க. சுய்லான், எனக்கு எந்தப் பயமும் இல்லை. நம்ம நாடு நல்ல நாடு. யார் மேலயும் எனக்குக் குறை இல்லை."

குரல் நடுங்கவேயில்லை.

"நீயும் வந்துடு" என்றார். "ஒண்ணும் செய்ய மாட்டாங்க. எங்க தங்கியிருக்க, யார்கூட இருக்க, சொல்லு. டிக்கெட் அவங்களே போட்டுத் தருவாங்க. இந்த நம்பர் எப்பவும் ஆன்லதான் இருக்கும். எப்ப வேணும்னாலும் நான் கூப்பிடுவேன்."

அதைச் சொல்லும்போது அவர் வலது கை மேசைமேல் இருந்தது. ஆள்காட்டி விரல் நகம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்பவனுக்கு அது ஒரு பழக்கம், படபடப்பு, வேறொன்றுமில்லை. நான் எண்ணினேன். விநாடிக்கு ஒன்று. பதினொன்றில் நின்றது. கொஞ்சம் பொறுத்து, மறுபடி முதலிலிருந்து.

யூனிஃபார்ம் வருது, சுய்லான். அழி.

அந்தப் பெயர் என் போனில் இருக்கும்வரை அவர் குரலை வைத்து என்னைப் பிடித்து இழுப்பார்கள். நான் போகாமல் இருக்க மாட்டேன் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஆமாய்யா" என்றேன். "நல்ல நாடுதான். நான் யோசிச்சுச் சொல்றேன். நீ உடம்பைப் பாத்துக்கோ."

அவர் தலையசைத்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், கண் இறங்கி என்னைப் பார்த்தது.

அழைப்பை நிறுத்திவிட்டு எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தேன். அவர் பெயரைத் தொட்டேன். ஏழு வருஷத்துக் குரல் செய்திகள், அரிசி வாங்கிவா, லாரி நாளைக்குத்தான் திரும்பும், சதுக்கத்தில் ஆடியது போதும் வீட்டுக்கு வா. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன். அழித்தேன். கூடைக்குப் போனேன். காலிசெய்தேன். அவர் பெயரையும் எடுத்தேன்.

இந்தத் தடவை எண்ணிக்கொண்டேதான் செய்தேன். இருநூறைத் தாண்டியும் முடியவில்லை.

உள்ளேயிருந்து முதலாளியம்மா கூப்பிட்டாள். போனை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.